பரம்பரை ரத்த அழுத்தமும் அட்ரினல் சுரப்பியும்: சில அரிய குடும்பங்கள் காட்டிய வழி

ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்ததும் மருத்துவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "வீட்டில் வேறு யாருக்காவது பிரஷர் இருக்கிறதா?" என்பது. அப்பாவுக்கு இருந்தது, பாட்டி பக்கவாதம் வந்து படுத்தார் என்று பதில் வரும். அது குறிப்பில் ஏறும். பெரும்பாலும் அத்தோடு சரி. அந்தப் பதிலால் எழுதிக் கொடுக்கும் மாத்திரை மாறுவதில்லை. 'பரம்பரை' என்று சொல்லிவிட்டாலே காரணம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் இரண்டு பேரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது எது? அழுத்தம் அப்படியே வந்துவிடுவதில்லை. ஒரு நொதியோ, செல்லின் தோலில் இருக்கும் ஒரு புரதமோ சற்றே மாறிய வடிவில் வருகிறது. அது பல வருடம் வேலை செய்து அழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த மாறிய உறுப்பு எதுவென்று தேடிப் போனவர்களுக்கு அது திரும்பத் திரும்ப ஒரே வட்டாரத்தில்தான் அகப்பட்டிருக்கிறது: அட்ரினல் சுரப்பி, அது சுரக்கும் உப்பு ஹார்மோன், அந்த ஹார்மோனின் சொல்லைக் கேட்டு நடக்கும் சிறுநீரகக் குழாய்.

இந்தத் தேடலுக்கு முன் ஒரு பெரிய சண்டை நடந்தது. 1950களில் பிரிட்டனில் ராபர்ட் பிளாட், ஜார்ஜ் பிக்கரிங் என்ற இரண்டு மருத்துவப் பேராசிரியர்கள் பத்து வருடத்துக்கு மேல் மருத்துவ இதழ்களில் மோதிக்கொண்டார்கள். உயர் ரத்த அழுத்தம் ஒரு தனி நோய், ஒற்றை மரபணுவால் வருவது, மக்களை 'உள்ளவர்', 'இல்லாதவர்' என்று இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றார் பிளாட். அப்படி ஒரு கோடே கிடையாது. உயரம் எப்படிக் குள்ளம் முதல் நெட்டை வரை தொடர்ச்சியாக இருக்கிறதோ அப்படித்தான் அழுத்தமும், பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன, 140 என்பது நாம் வைத்துக்கொண்ட எண் என்றார் பிக்கரிங். பொதுமக்களைப் பொறுத்தவரை பிக்கரிங் சொன்னதுதான் சரி என்று இன்று தெரியும். மக்களிடையே அழுத்தத்தில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் வரை மரபின் பங்கு. அந்தப் பங்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பிளாட் தோற்றார். ஆனால் அவர் சொன்ன மாதிரியே ஒற்றை மரபணுவால் அழுத்தம் ஏறும் குடும்பங்களும் உலகில் இருக்கத்தான் செய்தன. எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் அழுத்தம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவை அவைதான்.

சுரப்பியைப் பற்றி முதலில் கொஞ்சம். ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் நாலைந்து கிராம் எடையில் ஓர் அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதி மூன்று அடுக்கு. மேலடுக்கு அல்டோஸ்டிரோனையும், நடு அடுக்கு கார்டிசாலையும், உள்ளடுக்கு ஆண்மை ஹார்மோன்களுக்கு முன்னோடியான பொருட்களையும் செய்கின்றன. மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே, கொலஸ்டிரால். எந்த அடுக்கில் எந்த நொதி இருக்கிறது என்பதைப் பொறுத்தே கடைசியில் வரும் ஹார்மோன் அமைகிறது.

இவற்றில் அல்டோஸ்டிரோன் கடைசியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. லண்டனில் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெயிட் இருவரும் சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் குழுவோடு சேர்ந்து 1953இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தத்தில் கார்டிசால் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் அல்டோஸ்டிரோன் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு சொற்பமான பொருளுக்கு அவ்வளவு பெரிய வேலை. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு கரைந்திருக்கிறது. அதில் 99 சதவீதத்துக்கும் மேலானதைக் குழாய்கள் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கின்றன. பெரும்பகுதி தானாகவே நடந்துவிடும். கடைசியில் எஞ்சும் சில சதவீதத்தை இழுப்பதா, சிறுநீரில் விடுவதா என்ற முடிவில்தான் அல்டோஸ்டிரோனின் கை இருக்கிறது. அந்தச் சில சதவீதத்தில் நாள்தோறும் ஒரு சிட்டிகை கூடுதலாகத் தங்கினாலும், அதோடு நீரும் தங்கும், ரத்தத்தின் கன அளவு கூடும், அழுத்தம் ஏறும். சோடியத்தை இழுக்கும்போது பதிலுக்குப் பொட்டாசியம் வெளியேறுகிறது. ஆகவே அல்டோஸ்டிரோன் மிகுந்தவருக்கு அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கக்கூடும்.

இந்த ஜோடியை முதலில் ஒரு நோயாக அடையாளம் கண்டவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெப்பமான இடங்களுக்குப் போகும் வீரர்களின் உடல் எப்படி உப்பைச் சேமிக்கிறது என்று வியர்வையைச் சோதித்துக்கொண்டிருந்தவர் அவர். 1954இல் 34 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். பல வருடமாகத் தசைப் பிடிப்பு, இடையிடையே கால்கள் செயலிழப்பது, உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. அந்தப் பெண்ணின் வியர்வையில் சோடியமே அநேகமாக இல்லை. உப்பைப் பிடித்து வைக்கும் ஏதோ ஒன்று அட்ரினலிலிருந்து அளவுக்கு மீறி வருகிறது என்று கான் கணித்தார். இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அந்த டிசம்பரில் அறுவை செய்தபோது வலது சுரப்பியில் 4 சென்டிமீட்டர் கட்டி இருந்தது. அதை மட்டும் எடுத்தார்கள், நோய் போய்விட்டது. உயர் ரத்த அழுத்த நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு இதே கோளாறு இருக்கலாம் என்று கான் பிற்பாடு சொன்னபோது மருத்துவ உலகம் அதை மிகை என்று ஒதுக்கியது. ஒரு சதவீதம்கூட இருக்காது என்பதே பல காலம் பாடம். பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டுமே தேடியதுதான் அந்தக் கணக்குக்குக் காரணம். இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பொட்டாசியம் இறங்குகிறது என்பது பிறகு தெரிந்தது.

கானின் நோயாளிக்கு இருந்தது கட்டி. அது குடும்பத்தில் வருவதல்ல. மரபுக் கதை 1966இல் டொரண்டோவில் தொடங்குகிறது. அங்கே ஒரு தந்தைக்கும் மகனுக்கும் ஒரே மாதிரி அல்டோஸ்டிரோன் மிகை இருந்தது. விசித்திரம் என்னவென்றால், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்ததும் இருவருக்கும் எல்லாம் சரியாயிற்று. ஏன் இது விசித்திரம்? டெக்ஸாமெத்தசோன் மூளையடியில் உள்ள பிட்யூட்டரியை ஏமாற்றி, ஏசிடிஎச் என்ற ஏவல் ஹார்மோனை நிறுத்தும். ஏசிடிஎச் முக்கியமாகக் கார்டிசால் அடுக்கின் எசமான். அல்டோஸ்டிரோனுக்கு எசமான் வேறு: சிறுநீரகத்தில் பிறக்கும் ரெனின் தொடங்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின் வரிசையும், ரத்தத்தில் உள்ள பொட்டாசியமும். அப்படியிருக்க, கார்டிசாலின் எசமானை அடக்கினால் அல்டோஸ்டிரோன் ஏன் அடங்க வேண்டும்? இந்தக் கேள்வி இருபத்தாறு வருடம் பதிலில்லாமல் கிடந்தது.

பதில் 1992இல் வந்தது. ரிச்சர்ட் லிஃப்டன், ராபர்ட் டுலூஹி ஆகியோரின் குழு ஒரு பெரிய குடும்பத்தை எடுத்து மரபணுக்களை அலசியது. எட்டாம் குரோமோசோமில் இரண்டு மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கார்டிசால் செய்யும் கடைசிப் படிக்கான நொதிக்கு உரியது, மற்றது அல்டோஸ்டிரோன் செய்யும் நொதிக்கு. இரண்டின் எழுத்து வரிசையும் 95 சதவீதம் ஒன்றே. ஒரு காலத்தில் ஒரே மரபணுவாக இருந்து இரட்டித்துப் பிரிந்தவை என்பதற்கு அதுவே சாட்சி. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே வந்து துண்டுகளை மாற்றிக்கொள்வது வழக்கம். இந்த இரண்டும் இவ்வளவு ஒத்திருப்பதால், சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிடுவதைப் போல, இணைப்பு ஓரிடம் தள்ளி விழுந்துவிடுகிறது. விளைவு, தலை ஒன்றும் உடல் இன்னொன்றுமான ஒரு கலப்பு மரபணு. அதன் தலைப்பகுதி, அதாவது எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி, கார்டிசால் மரபணுவினுடையது. உடற்பகுதி அல்டோஸ்டிரோன் நொதியை உருவாக்குவது.

இப்போது டொரண்டோ புதிர் தானே அவிழ்கிறது. இந்தக் கலப்பு மரபணு ஏசிடிஎச் சொல்லுக்குக் கட்டுப்படும். அது நடு அடுக்கில், இருக்கவே கூடாத இடத்தில், அல்டோஸ்டிரோனைச் செய்யும். உடலில் உப்பு போதும் போதும் என்று ரெனின் கீழே விழுந்து கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஏசிடிஎச்சை அடக்கினால் மட்டுமே அது வாயை மூடும். உயர் ரத்த அழுத்தத்துக்கு ஒற்றை மரபணுக் காரணம் ஒன்று மூலக்கூறு அளவில் துல்லியமாகக் காட்டப்பட்டது அதுவே முதன்முறை. என் கணிப்பில், இந்தத் துறையின் கண்டுபிடிப்புகளில் இதைவிட அழகானது இல்லை. நோய், அதன் மருந்து, அந்த மருந்து ஏன் பலிக்கிறது என்ற மூன்றும் ஒரே எழுத்துப் பிழையிலிருந்து விளங்கிவிடுகின்றன.

அழகு ஆராய்ச்சியாளருக்கு. குடும்பத்துக்கு இது ஆபத்தான மரபணு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. அழுத்தம் சிறு வயதிலேயே ஏறும், பொட்டாசியம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், ஆகவே யாரும் சந்தேகப்படமாட்டார்கள். 1998இல் 27 குடும்பங்களை ஆராய்ந்தபோது, இந்த மரபணு உள்ளவர்களில் 18 சதவீதம் பேருக்கு மூளை ரத்தக்குழாய்ச் சிக்கல் வந்திருந்தது தெரிந்தது. அப்போது அவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 32. பெரும்பாலானவை மூளையில் ரத்தக் கசிவு. 'எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே பக்கவாதம் வரும்' என்று ஒரு குடும்பம் சொல்லும்போது, அதைக் காதில் வாங்காமல் போவதன் விலை என்ன என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த பாடம் இன்னும் விநோதமானது. சில குழந்தைகளுக்கு அல்டோஸ்டிரோன் மிகையின் எல்லா அடையாளமும் இருக்கும்: கடுமையான ரத்த அழுத்தம், இறங்கிய பொட்டாசியம், அடங்கிய ரெனின். ரத்தத்தைச் சோதித்தால் அல்டோஸ்டிரோன் அநேகமாக இருக்காது. 1970களில் மரியா நியூ, ஸ்டான்லி யூலிக் ஆகியோர் இப்படிப்பட்ட குழந்தைகளை விவரித்தார்கள். அல்டோஸ்டிரோன் இல்லை என்றால் அதன் வேலையைச் செய்வது யார்?

1987இல் அல்டோஸ்டிரோனின் ஏற்பியை, அதாவது செல்லுக்குள் அந்த ஹார்மோனைப் பற்றிக்கொண்டு அதன் ஏவலை நிறைவேற்றும் புரதத்தை, மூலக்கூறு அளவில் பிரித்தெடுத்துச் சோதித்தபோது ஒரு சங்கடம் வெளிப்பட்டது. அந்த ஏற்பி கார்டிசாலையும் அதே விருப்பத்தோடு பற்றிக்கொள்கிறது. கார்டிசாலோ ரத்தத்தில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு அதிகம். அப்படியானால் நம் எல்லோருக்கும் எந்நேரமும் ஏற்பி கார்டிசாலால் நிறைந்து, அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமே? அடுத்த ஆண்டே இரண்டு குழுக்கள் விடை சொல்லின. சிறுநீரகக் குழாய்ச் செல்களில் ஒரு நொதி, உள்ளே வரும் கார்டிசாலை உடனுக்குடன் கார்டிசோனாக மாற்றிச் செல்லாக்காசாக்கிவிடுகிறது. கார்டிசோனை அந்த ஏற்பி தொடுவதில்லை. அல்டோஸ்டிரோனை இந்த நொதியால் மாற்ற முடியாது. ஆக, ஏற்பிக்குத் தன் உரிய ஹார்மோனை அடையாளம் தெரியாது. வேண்டாததைத் தள்ளிவைக்கும் வேலையைப் பக்கத்தில் நிற்கும் நொதி செய்கிறது. அந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் என்பதால் அது மிக அபூர்வம். மரபணுப் பிறழ்வு 1995இல் உறுதியானது.

இங்கே அதிமதுரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1940களில் நெதர்லாந்தில் ஒரு மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது, ஆனால் சிலருக்கு உடல் வீங்கியது, அழுத்தம் ஏறியது. அதிமதுரமே அல்டோஸ்டிரோன் மாதிரி வேலை செய்கிறது என்று நாற்பது வருடம் நம்பினார்கள். உண்மையில் அதிலுள்ள கிளிசிரெட்டினிக் அமிலம் மேலே சொன்ன நொதியை முடக்கிவிடுகிறது. அதாவது, அதிமதுரத்தை அளவுக்கு மீறி நாள்கணக்கில் சாப்பிடுகிறவர் அந்த அபூர்வப் பிறவி நோயைத் தற்காலிகமாகத் தனக்கு வரவழைத்துக்கொள்கிறார். அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மூலிகைதானே என்று இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மற்ற சில குடும்பங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1963இல் கிராண்ட் லிடில் விவரித்த குடும்பத்தில் அல்டோஸ்டிரோன் மிகக் குறைவு, அதைத் தடுக்கும் மருந்தாலும் பயனில்லை, ஆனால் அழுத்தம் அதிகம். 1994இல் தெரிந்தது: செல்லுக்குள் சோடியத்தை இழுக்கும் வாயில் போன்ற புரதமான சேனலின் வால் அறுந்துபோயிருக்கிறது, அதனால் பழைய சேனலை மேற்பரப்பிலிருந்து அகற்ற முடியவில்லை, ஹார்மோன் ஏவாமலே அது உப்பை இழுத்துக்கொண்டிருக்கிறது. லிடில் முதலில் பார்த்த நோயாளிக்குப் பிற்பாடு வேறு காரணத்தால் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. புதிய சிறுநீரகம் வந்ததும் கோளாறு மறைந்துவிட்டது. 2000இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு குடும்பத்தில் ஏற்பியே மாறியிருந்தது. ஓர் அமினோ அமிலம் மாறியதால், சாதாரணமாக அந்த ஏற்பியை முடுக்காத புரோஜெஸ்டிரோன் இவர்களிடம் அதை முடுக்கிவிட்டது. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் நூறு மடங்கு வரை உயரும். ஆகவே இந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் அழுத்தம் கட்டுக்கடங்காமல் போயிற்று. ஏற்பியைத் தடுக்கவேண்டிய ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் இவர்களிடம் அதைத் தூண்டவே செய்கிறது. நல்ல மருந்தே விஷமாகும் இடம் இது.

இந்த எல்லா வழிகளும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், சிறுநீரகக் குழாயின் உப்புக் கணக்கு. எதிர்த்திசைச் சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் சேர்ந்திருந்த 3,125 பேரிடம் உப்பை இழுக்கும் மூன்று மரபணுக்களை 2008இல் படித்துப் பார்த்தார்கள். 64 பேரில் ஒருவருக்கு அவற்றில் ஏதாவது ஒன்றில் பழுதான பிரதி இருந்தது. அவர்களின் அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. உப்பு தங்கினால் ஏறுகிறது, தங்காவிட்டால் இறங்குகிறது. நரம்பு மண்டலம், மன அழுத்தம், ரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றுக்குப் பங்கில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒற்றை மரபணு என்ற கடுமையான தேர்வில் மீண்டும் மீண்டும் தேறுவது உப்புதான்.

அட்ரினலின் உள்பகுதிக்கும் ஒரு பரம்பரைக் கணக்கு உண்டு. அட்ரினலினையும் அதன் உறவுகளையும் கட்டுக்கடங்காமல் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி, படபடப்பு, வியர்வை, தலைவலியோடு அழுத்தத்தைத் திடீரென்று உச்சிக்கு ஏற்றும். பத்தில் ஒன்றுதான் பரம்பரை என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். 2000க்குப் பிறகு புதிய மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட, இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாது என்ற நிலை. அவற்றில் ஒன்று தந்தை வழியாக வந்தால் மட்டுமே நோயைக் கொடுக்கும்; தாய் வழியாக வந்தால் பேசாமல் இருந்து அடுத்த தலைமுறைக்குத் தாவும். இந்தக் கட்டியின் முதல் தெளிவான விவரிப்பு 1886இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் இறந்த 18 வயதுப் பெண்ணுடையது. 120 வருடம் கழித்து அந்தப் பெண்ணின் உறவு வழியினரைத் தேடிப்பிடித்துச் சோதித்தபோது, அவர்களிடம் இந்தக் கட்டியை உண்டாக்கும் மரபணுப் பிறழ்வு இருந்தது. மரபணு என்ற கருத்தே பரவாத காலத்து நோயாளிக்கு 2007இல் நோய்க்காரணம் எழுதப்பட்டது.

மரபணு மாற்றம் என்றாலே பரம்பரை என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2011இல் அதே லிஃப்டன் குழு கான் கண்ட வகை அட்ரினல் கட்டிகளை எடுத்து மரபணுவைப் படித்தது. 22 கட்டிகளில் 8இல் ஒரே பொட்டாசியம் சேனலில் மாற்றம் இருந்தது. பொட்டாசியத்தை மட்டும் விடவேண்டிய அந்தச் சேனல் சோடியத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. செல்லின் மின் நிலை குலைகிறது, கால்சியம் புகுகிறது, அல்டோஸ்டிரோன் கொட்டுகிறது. இந்த மாற்றம் கட்டியில் மட்டுமே இருந்தது. நோயாளியின் மற்ற செல்களில் இல்லை. வாழ்நாளில் ஒரு செல்லில் நேர்ந்த பிழை அது, பிள்ளைக்குப் போகாது. ஆனால் அதே சேனலில் பிறப்பிலேயே மாற்றம் இருந்த ஒரு குடும்பமும் அதே ஆய்வில் இடம்பெற்றது. தந்தைக்கும் இரு மகள்களுக்கும் சிறு வயதிலேயே கடுமையான அழுத்தம். மூவருக்கும் இரண்டு அட்ரினல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பிழை எந்தச் செல்லில், எப்போது நேர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரே மாற்றம் ஒருவருக்குத் தனிக் கட்டியாகவும் இன்னொரு வீட்டுக்குத் தலைமுறை நோயாகவும் ஆகிறது. அதன்பின் வந்த ஆண்டுகளில் கால்சியம் சேனல்களிலும், 2018இல் ஒரு குளோரைடு சேனலிலும் இதே போன்ற குடும்ப மாற்றங்கள் பிடிபட்டன.

சரி, இவையெல்லாம் அபூர்வம். சாதாரணமாக ஐம்பது வயதில் பிரஷர் மாத்திரை தொடங்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு இதனால் என்ன?

இங்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று மரபணுவைப் பெருங்கூட்டத்தில் தேடுவது. 2018இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவலை அலசியபோது அழுத்தத்தோடு தொடர்புடைய மரபணு இடங்களின் எண்ணிக்கை 901 ஆயிற்று. ஸ்டீராய்டு தயாரிப்பில் பங்குள்ள ஒரு மரபணுவின் வட்டாரமும் அவற்றில் உண்டு. ஆனால் ஒவ்வோர் இடமும் அழுத்தத்தை மாற்றுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அறிவியலுக்கு இது பெரிய செல்வம். எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு எந்த மாத்திரை என்று கேட்டால் இந்தப் பட்டியலிடம் பதில் இல்லை. மரபணு மதிப்பெண் என்று விற்கப்படும் பரிசோதனைகளை நம்பிப் பணம் கட்டுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது பாதை ஹார்மோனை நேரடியாக அளப்பது. இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 2004இல், அழுத்தம் இயல்பாக இருந்த 1,688 பேரை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இயல்பான எல்லைக்குள்ளேயே அல்டோஸ்டிரோன் மேல் காற்பங்கில் இருந்தவர்களுக்கு, கீழ்க் காற்பங்கில் இருந்தவர்களைவிட உயர் அழுத்தம் வரும் வாய்ப்பு 1.6 மடங்காக இருந்தது. 2020இல் இன்னொரு ஆய்வு உப்பு நிறையக் கொடுத்துச் சிறுநீரில் 24 மணி நேர அல்டோஸ்டிரோனை அளந்தது. உப்பு மிகுந்தால் அல்டோஸ்டிரோன் அடங்க வேண்டும். அடங்காதவர்கள் இயல்பு அழுத்தக்காரர்களில் 11 சதவீதம், முதல் நிலை உயர் அழுத்தம் உள்ளவர்களில் 16, அதைவிட அதிகமான இரண்டாம் நிலையினரில் 22, பல மருந்துக்கும் மசியாதவர்களிலும் 22. கான் சொன்ன ஐந்தில் ஒன்று என்ற எண் அத்தனை வருட ஏளனத்துக்குப் பிறகு அநேகமாக அப்படியே திரும்பி வந்திருக்கிறது. பிக்கரிங் சொன்ன தொடர்ச்சியும் இங்கே ஹார்மோன் வடிவில் தெரிகிறது: நோய் உள்ளவர், இல்லாதவர் என்ற கோடு அல்டோஸ்டிரோனிலும் இல்லை.

சிகிச்சையும் இதையே சொல்கிறது. மூன்று மருந்துக்கும் அடங்காத அழுத்தத்துக்கு நான்காவதாக எதைச் சேர்ப்பது என்று 2015இல் பிரிட்டனில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அல்டோஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் பழைய, மலிவான ஸ்பைரோனோலாக்டோன் மற்ற இரண்டு மருந்துகளையும் தெளிவாக வென்றது. ஆனால் சோதனைதான் நடப்பதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பில், மருந்துக்கு மசியாத அழுத்தம் உள்ள இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தபோது, அல்டோஸ்டிரோன் சோதனை செய்யப்பட்டவர்கள் 1.6 சதவீதம். செய்ய வேண்டியது பெரிய வித்தையுமல்ல. ஒரே ரத்த மாதிரியில் அல்டோஸ்டிரோனையும் ரெனினையும் அளந்து விகிதம் பார்ப்பது. ரெனின் படுத்திருக்க அல்டோஸ்டிரோன் நிமிர்ந்திருந்தால் மேலே தேட வேண்டும். சாப்பிடும் சில மாத்திரைகள் விகிதத்தைக் குழப்பும் என்பதால் முடிவைப் படிக்கக் கவனம் வேண்டும். உயர் அழுத்தம் உறுதியான எல்லோருக்கும் இதைச் செய்யலாம் என்ற இடத்துக்கு 2025இல் வெளியான, ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. மரபணுச் சோதனை எல்லோருக்கும் வேண்டியதில்லை. 20 வயதுக்குள் அல்டோஸ்டிரோன் மிகை தெரிந்தவர்கள், குடும்பத்தில் அதே நோயோ 40 வயதுக்குள் பக்கவாதமோ இருந்தவர்கள் ஆகியோருக்குத்தான் அது. ஒருவருக்குக் கலப்பு மரபணு உறுதியானால் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சோதிப்பதில் தயக்கம் காட்டக் கூடாது.

மருந்துத் துறையில் இப்போது நடப்பது, ஏற்பியைத் தடுப்பதற்குப் பதில் அல்டோஸ்டிரோன் தயாரிப்பையே நிறுத்தும் முயற்சி. கேட்க எளிது. செய்வதற்கு முட்டுக்கட்டை போட்டது அந்த 95 சதவீத ஒற்றுமைதான். எந்த ஒற்றுமையால் குரோமோசோம்கள் இடம் மாறி இணைந்து நோயைப் பிறப்பித்தனவோ, அதே ஒற்றுமையால் அல்டோஸ்டிரோன் நொதிக்கென்று செய்த மருந்து கார்டிசால் நொதியையும் சேர்த்து அடித்தது. அப்படி முதலில் ரத்த அழுத்தத்துக்காகச் சோதிக்கப்பட்ட ஒன்று கார்டிசாலைக் குறைத்துவிட்டதால் அழுத்தத்துக்கு உதவாமல் போய், ஓசிலோட்ரோஸ்டாட் என்ற பெயரில் கார்டிசால் மிகுந்த குஷிங் நோய்க்கு 2020இல் அனுமதி பெற்றது. அதன்பின் வந்த பாக்ஸ்ட்ரோஸ்டாட் இரண்டு நொதிகளையும் பிரித்தறிந்தது. 2022இல் வெளியான ஆய்வில், மருந்துக்கு மசியாத நோயாளிகளுக்கு 12 வாரத்தில் மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டர் இறங்கியது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 9. கார்டிசால் குறையவில்லை. அல்டோஸ்டிரோனை அடக்கும் எந்த மருந்துக்கும் உள்ள பின்விளைவு இதற்கும் உண்டு: பொட்டாசியம் உயரக்கூடும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. மருந்தைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் அதை அளந்து பார்த்தாக வேண்டும்.